தொண்ணூறின் தலைமேல் ஒரு புள்ளி: தந்தை விட்டுச்சென்ற ஸ்பீட்மாஸ்டர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அண்ணன், தங்கை இருவர் தங்கள் தந்தை விட்டுச்சென்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரத்தை மதிப்பறிக்கைக்காக என்னிடம் கொண்டுவந்தார்கள். அண்ணன் சென்னையிலும் தங்கை திருச்சியிலும் வசிக்கிறார்கள். தந்தை தூத்துக்குடிக்காரர்; சரக்குக் கப்பல்களில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 1971இல் கப்பல் சிங்கப்பூரில் நின்றிருந்தபோது அதை வாங்கினார் என்பதும், ஓய்வுக்குப் பிறகும் ஏறக்குறைய கடைசிவரை அதையே கட்டியிருந்தார் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ரசீதோ பெட்டியோ இல்லை. 2016இல் அவர் காலமான பிறகு வீடும் சேமிப்பும் சச்சரவின்றிப் பங்கிடப்பட்டன. கடிகாரத்தில் மட்டும் பேச்சு நின்றுபோயிற்று.

அதற்குக் காரணம், முன்பே கேட்டு வைத்திருந்த இரண்டு கருத்துகள். பழைய கடிகாரங்களை வாங்கி விற்கும் ஒருவர், இது 1968இல் செய்யப்பட்டது என்றும், நிலவுக்குச் சென்ற விண்வெளி வீரர்கள் கட்டியிருந்த அதே மாடல், அதே இயந்திரம் என்றும் சொல்லிப் பெரிய தொகை ஒன்றைக் குறிப்பிட்டிருந்தார். வேறொருவர் படங்களை மட்டும் பார்த்துவிட்டு, டயலில் இருக்கும் சின்னம் உலோகத்தால் ஆனதல்ல, வெறும் அச்சு. வெளிவளையமும் அந்தக் காலத்தது அல்ல. ஆகவே இது டூப்ளிகேட் என்று கூறி, முதல் தொகையில் ஏழில் ஒரு பங்குக்குக் கேட்டிருந்தார். மகளின் கல்லூரிச் செலவு நெருங்கிக்கொண்டிருந்ததால் அண்ணனுக்கு விற்பதில் விருப்பம். தங்கைக்கு அதை வைத்துக்கொள்ள விருப்பம். ஆனால் எந்தத் தொகையின் அடிப்படையில் அண்ணனுக்குப் பங்கு கொடுப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேச்சுகளில் எதை நம்புவது என்பதே அவர்கள் என் முன் வைத்த கேள்வி.

இருவர் சொன்னதும் தவறு என்று முடிவில் தெரியவந்தது. ஆயினும் இருவரும் சுட்டிக்காட்டிய தனித்தனி விவரங்களில் உண்மை இருந்தது. இந்த நிகழ்வைப் பதிவு செய்வதற்கு அதுவே முதன்மையான காரணம்.

ஒரே பெயரில் உள்ள வேறுபாடுகள்

ஸ்பீட்மாஸ்டர் 1957இல் வெளிவந்தது. கறுப்பு டயல், மூன்று சிறு வட்டங்கள், வேகத்தைக் கணக்கிட உதவும் டாக்கிமீட்டர் எண்கள் பொறித்த வெளிவளையம் என்ற தோற்றம் அறுபது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. அதனாலேயே தெருவில் போகிறவர் கண்ணுக்கு 1966ஆம் ஆண்டுக் கடிகாரமும் 1996ஆம் ஆண்டுக் கடிகாரமும் ஒன்றாகத் தெரியும். விலையோ பல மடங்கு வேறுபடும். மற்ற நிறுவனங்களிலும் இதே நிலைதான்: ரோலெக்ஸ் சப்மரீனரின் 5512, 5513 என்ற இரு மாடல்களுக்கும் உறை ஒன்றே, துல்லியத்துக்குச் சான்று பெற்ற இயந்திரம் என்பதைச் சொல்லும் இரண்டு வரிகள் டயலின் அடிப்பாதியில் கூடுதலாக இருக்கின்றனவா என்பதை வைத்தே பெரும்பாலும் பிரித்தறிகிறார்கள்.

இந்த நிகழ்வுக்குத் தேவையான வரலாறு சுருக்கமானது. 105.003 என்ற மாடலில் கடிகார உறையின் இரு பக்கங்களும் சமமானவை. 1965 ஜூனில் அமெரிக்க விண்வெளி வீரர் எட் வைட் விண்கலத்துக்கு வெளியே மிதந்தபோது அவர் கையில் இருந்தது அதுவே. அடுத்து வந்த 105.012இல் உறையின் வலப்பக்கம் சற்றுப் பருத்து, சாவியையும் இரு பொத்தான்களையும் அணைத்துக் காப்பதுபோல் அமைந்தது. டயலில் ‘புரொஃபஷனல்’ என்ற சொல்லும் சேர்ந்தது. 1969 ஜூலையில் நிலவில் இறங்கியபோது ஆல்ட்ரின் கட்டியிருந்தது இந்த 105.012. பிறகு 145.012 வந்தது. இம்மூன்றிலும் காலிபர் 321 என்ற இயந்திரம் இருந்தது. டயலின் சின்னம் தனியாக வார்த்துப் பொருத்திய உலோகம்.

1968இல் வந்த 145.022இல் இயந்திரம் 861 ஆக மாறியது. அந்த மாடலின் முதல் ஆண்டுக் கடிகாரங்களில் மட்டும் உலோகச் சின்னம் நீடித்தது. பின்மூடியின் உட்புறம் 145.022-69 என்று பொறித்தவற்றில் சின்னம் வெள்ளை அச்சாகிவிட்டது. ஆகவே அச்சுச் சின்னம் ஒரு மாடலில் குற்றம். அடுத்த மாடலில் அதுவே சரி. மற்ற விவரங்களோடு சேராமல் ஒரு விவரம் தன்னளவில் எதையும் சொல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முதல் தொடர்பும் அதில் நேர்ந்த பிழையும்

நேரில் வருவதற்கு முன் அண்ணன் கைப்பேசியில் ஐந்தாறு படங்கள் அனுப்பியிருந்தார். தொலைபேசியில் பேசும்போது, “321 இருந்த காலத்து டயலில் சின்னம் உலோகமாக இருக்கும், இதில் அச்சாகத் தெரிகிறது” என்று கூறினேன். அந்த வாக்கியம் உண்மையே. 321 என்று அவர் கேள்விப்பட்டிருந்ததற்குப் பதிலாகவே அதைச் சொன்னேன். ஆனால் அவர் காதில் அது, டயல் போலி என்று சொன்ன இரண்டாமவரின் பேச்சை உறுதிசெய்வதாக விழுந்தது. அன்றிரவே தங்கையிடம், “அப்பா வாட்ச் டூப்ளிகேட்டாம், நிபுணரே சொல்லிவிட்டார்” என்று தெரிவித்திருக்கிறார். சிங்கப்பூரில் அப்பாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற வருத்தத்தோடு அந்தக் குடும்பம் இரண்டு வாரங்களைக் கழித்தது. கடிகாரத்தைக் கையில் வாங்குவதற்கு முன், இயந்திரம் எது என்று அறிவதற்கு முன், ஒற்றை விவரத்தைப் பற்றி வாய் திறந்தது என் தவறு.

மூடியைத் திறப்பதற்கு முன் கண்டவை

கடிகாரம் நின்ற நிலையில் வந்தது. நீண்ட நாள் எண்ணெய் இடாத இயந்திரத்தை ஓடவிடுவது பற்சக்கரங்களின் அச்சு முனைகளைத் தேய்க்கும் என்பதால், சாவியைச் சில சுற்றுகள் மட்டும் கொடுத்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, துடிப்பின் ஒலியைக் கேட்டு வேகத்தை அளக்கும் கருவியில் வைத்தேன். 321 மணிக்கு 18,000 துடிப்புகள் துடிக்கும், நொடிக்கு 5. காலிபர் 861 மணிக்கு 21,600, நொடிக்கு 6. கருவி 21,600 என்று காட்டியது. பின்மூடியைத் தொடாமலே, 321 என்ற பேச்சு அந்த நொடியில் முடிந்தது. இந்தக் கருவி இன்று சாதாரணப் பழுதுபார்க்கும் கடைகளிலும் இருக்கிறது. பெரிய தொகை சொன்ன முதலாமவர் அதில் ஒரு முறை வைத்துப் பார்த்திருந்தாலே போதும்.

பின்மூடியின் வெளிப்புறத்தில் கடற்குதிரைச் சின்னத்தோடு, நிலவில் அணியப்பட்ட முதல் கடிகாரம் என்ற ஆங்கில வாசகம் இருந்தது. 1969 ஜூலைக்கு முன் அப்படி ஒரு வாசகத்தைப் பொறித்திருக்க முடியாது. 1968ஆம் ஆண்டுக் கடிகாரம் என்ற பேச்சோடு இது பொருந்தவில்லை. மூடி மட்டும் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்ற வாய்ப்பை உட்புறத்தைப் பார்க்கும்வரை ஒதுக்காமல் வைத்திருந்தேன்.

உறையை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்த்தேன். வார் பிடிக்கும் நான்கு கொம்புகளும் இந்த மாடலில் ஒரு முறுக்கோடு வளைந்து இறங்கும். அந்த வளைவின் விளிம்பில் பளபளப்பான ஒரு பட்டை ஓடும். தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருந்தால் பட்டையின் இரு கரைகளும் கத்திமுனைபோல் கூர்மையாக இருக்கும். இதில் கரைகள் மழுங்கியிருந்தன. ஒரு கொம்பில் பட்டை அகன்றும் எதிர்க்கொம்பில் ஒடுங்கியும் இருந்தது. ஒரு முறையாவது மெருகேற்றியிருக்கிறார்கள் என்பது இதன் பொருள். ஒன்றை மட்டும் மெருகால் அழிக்க முடியவில்லை: கீழ் வலக்கொம்பு தொடங்கும் இடத்தில் ஓர் ஆழமான அடி, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமாக நின்றது. அதற்கு நேர்மேலே இருந்த வெளிவளையத்தில் அடிபட்ட சுவடே இல்லை. இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அது எவ்வளவு முக்கியமானது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடி ஹெசலைட் என்ற பிளாஸ்டிக். ஐகிளாஸ் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, அதன் நடுமையத்தில் முள்கள் பொருத்திய அச்சுக்கு நேர்மேலே நிறுவனத்தின் சின்னம் மணல் துணுக்கு அளவில் பொறித்திருந்தது. ஆகவே அது அசல் பாகம். ஆனால் 1970இல் பொருத்திய கண்ணாடியா என்றால், ஐம்பது ஆண்டை நெருங்கும் பிளாஸ்டிக்குக்கு அது மிகவும் தெளிவாக இருந்தது.

திறந்தபின்

இருவரையும் எதிரில் உட்காரவைத்து மூடியைத் திறந்தேன். இந்த வழக்கத்தை நான் விடுவதில்லை. ஒருவர் இல்லாதபோது திறந்தால், பின்னால் ஏதாவது மாற்றம் தெரியும்போது சந்தேகம் பிறக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

மூடியின் உட்புறத்தில் 145.022-69 என்று தெளிவாக இருந்தது. இயந்திரம் செம்பு நிறம் கலந்த பூச்சோடு, 861 என்ற பொறிப்போடு இருந்தது. 321இல் நிறுத்துக் கடிகாரப் பகுதியை இயக்கும் சக்கரத்தின் மேல் சிறு தூண்கள் வட்டமாக நிற்கும். மண்டபத்துத் தூண்களை மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். 861இல் அந்த வேலையை, தட்டையான எஃகுத் துண்டுகளை அடுக்கியது போன்ற ஒரு நெம்புப் பலகை செய்கிறது. இரண்டையும் படத்தில் அருகருகே வைத்துக் காட்டியபோது அண்ணன், தங்கை இருவருக்குமே வேறுபாடு உடனே விளங்கியது. 861ஐத் தாழ்ந்த இயந்திரம் என்று கருத வேண்டியதில்லை என்பதையும் சொன்னேன்: செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் எளிதாக்கப்பட்ட, உறுதியான வடிவமைப்பு அது, அதன் வழிவந்த இயந்திரங்கள் இந்த மாடலில் ஐம்பதாண்டு காலம் ஓடின.

மூடியின் உட்புற ஓரத்தில் ஊசிமுனையால் கீறிய மூன்று சிறு குறிகள் இருந்தன. பழுதுபார்த்தவர்கள் தங்கள் நினைவுக்காக விடும் குறிகள் இவை. இரண்டு படிக்க முடியாதவை. மூன்றாவதில் 6-99 என்று இருந்தது. அதை 1999 ஜூன் என்று கொண்டேன். அந்த ஆண்டுவாக்கில் அப்பா கடிகாரத்தைச் சர்வீசுக்குக் கொடுத்ததாகத் தங்கைக்கும் நினைவிருந்தது.

டயல், முள், வெளிவளையம்

இந்தப் பகுதிக்கே அதிக நேரம் செலவாயிற்று. டயலின் அடியில், ‘ஸ்விஸ் மேட்’ என்ற எழுத்துகளின் இரு பக்கமும் ‘டி’ என்ற எழுத்து இருந்தது. இருட்டில் ஒளிரும் பூச்சில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருப்பதைக் குறிக்கும் அடையாளம் இது. டயலின் ஓரத்தில் நிமிடக் கோடுகள் உள்ள வளையம், நடுப்பகுதியைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்தப் படியின் நிழல் ஒரு மெல்லிய வட்டமாக விழுந்தது. 1970களின் நடுப்பகுதி வரை செய்யப்பட்ட டயல்களுக்கு உரிய அமைப்பு அது. அச்சுச் சின்னம், படியுள்ள டயல், 145.022-69 மூடி, 861 இயந்திரம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று ஆமோதித்தன. டயல் போலி என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. அதை அவர்களிடம் சொன்னபோது, தொலைபேசியில் நான் பேசிய விதத்தால் விளைந்த வருத்தத்துக்கு மன்னிப்பும் கேட்டேன்.

முள்கள் வேறு கதை சொல்லின. புறஊதா விளக்கை அரை நிமிடம் காட்டி, அறையை இருட்டாக்கினோம். டயலின் கோடுகள் விளக்கு இருந்தவரை மங்கலாக மின்னி, அணைத்த கணமே அணைந்தன. மணி முள்ளும் நிமிட முள்ளும் ஐந்து நிமிடங்கள் கடந்தும் பச்சையாகத் துலங்கிக்கொண்டிருந்தன. டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். அதோடு கலந்த ஒளிரும் பொருளும் காலப்போக்கில் செத்துவிடும். விளக்கொளியை வாங்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒளிரும் லூமினோவா வகைப் பூச்சு 1990களில் ஜப்பானில் உருவாகி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் சுவிஸ் கடிகாரங்களில் டிரிட்டியத்தின் இடத்தைப் பிடித்தது. ஆகவே முள்கள் அதற்குப் பின் பொருத்தப்பட்டவை. 6-99 என்ற கீறலோடு இது பொருந்தியது.

அடுத்தது வெளிவளையம். டாக்கிமீட்டர் எண் வரிசையில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு புள்ளி உண்டு. ஏறத்தாழ 1970 வரை செய்த வளையங்களில் 90 என்ற எண்ணுக்குரிய புள்ளி அந்த எண்ணின் தலைமேல் இருக்கும். பிறகு செய்தவற்றில் புள்ளி எண்ணின் பக்கத்துக்கு இறங்கிவிட்டது. ஊசிமுனை அளவுள்ள இந்தப் புள்ளிக்காகச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையை முதன்முறை கேட்பவர் நம்பமாட்டார். நம் முன் இருந்த வளையத்தில் புள்ளி 90க்குப் பக்கத்தில் இருந்தது. கறுப்பு வண்ணம் புத்தம்புதிதாக, வெளுப்பே இல்லாமல் இருந்தது. இரண்டாமவர் வளையத்தைப் பற்றிச் சொன்னது சரியே. ஆனால் சர்வீசின்போது மாற்றிய அசல் பாகம் வேறு, போலி வேறு. இந்த வளையம் மாற்றிய அசல் பாகம்.

எவர்சில்வர் சம்படம்

முதல் அறிக்கையை எழுதி முடிக்கும் தறுவாயில் தங்கை தொலைபேசியில் அழைத்தார். முள்ளும் வளையமும் 1999இல் மாற்றியவை என்று அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, “மாத்தின பழசை எல்லாம் கடைக்காரன் கிட்டக் கேட்டு வாங்கிட்டுத்தான் வந்தாரு, பொத்தான் சம்படத்துல கிடக்குதே” என்று அம்மா பதில் சொல்லியிருக்கிறார். “அப்பா ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தூக்கிப் போடமாட்டார் சார், எனக்குத்தான் தோணாமல் போச்சு” என்றார் தங்கை.

மறுவாரம் அந்தச் சிறிய எவர்சில்வர் சம்படம் என் மேசைக்கு வந்தது. சட்டைப் பொத்தான்கள், கப்பல் சீருடையின் இரண்டு பித்தளைப் பொத்தான்கள், ஊசிகள் ஆகியவற்றுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் கீறல் விழுந்த பழைய கண்ணாடி, மணி முள், நிமிட முள், வெளிவளையம். வளையத்தின் கறுப்பு, பழைய கரும்பலகைபோல் சாம்பல் பாய்ந்திருந்தது. 90இன் தலைமேல் புள்ளி இருந்தது.

இந்த வளையத்துக்குப் போலிகள் நிறையப் புழங்குவதால், கண்டதும் ஏற்றுக்கொள்ளவில்லை. எழுத்துகளின் தடிமன், டாக்கிமீட்டர் என்ற சொல்லின் பிரெஞ்சு வடிவில் வரும் உச்சரிப்புக் கோடு, வண்ணம் வெளுத்த விதம் ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எல்லாம் ஒத்துவந்தன. ஆனால் என் ஐயத்தை முழுவதும் நீக்கியது வேறொன்று. வளையத்தின் எஃகு ஓரத்தில் 5 மணிக்கு நேரே ஒரு பள்ளம் இருந்தது. 12 மணி இடத்தைச் சரியாகப் பொருத்தி வளையத்தை உறையின் மேல் வைத்தபோது, அந்தப் பள்ளமும் கீழ் வலக்கொம்பில் மெருகுக்கும் அழியாமல் நின்ற பள்ளமும் ஒரே கோட்டில் சேர்ந்தன. ஒரே அடி இரண்டின் மேலும் பட்டிருக்கிறது. எஞ்சின் அறை இரும்புப் படியிலோ வேறு எதிலோ அவர் கை மோதிய அந்த நொடியில் இந்த வளையமும் இந்த உறையும் ஒன்றாக இருந்தன என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், சம்படத்தில் இருந்தவற்றின் சந்தை மதிப்பை இருவருக்கும் ஒரே நேரத்தில், எழுத்தில் தெரிவித்தேன். பழைய உதிரி என்று கேட்டு வாங்கிச் செல்ல ஆட்கள் இருக்கிறார்கள். விலை தெரியாமல் ஒருவர் கொடுத்துவிட்டால் அது குடும்பத்தின் பங்கைக் குறைக்கும்.

அடுத்து, பழைய வளையத்தை மீண்டும் பொருத்துவது என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்தோம். அழுத்திப் பொருத்தும் பாகம் என்பதால் அதை எப்போது வேண்டுமானாலும் கழற்ற முடியும். கடிகாரத்தின் இயக்கத்துக்கோ நீர்க்காப்புக்கோ கெடுதலில்லை. வளையத்தில் எண்கள் உள்ள அலுமினியத் தட்டைக் கழுவவோ புதுப்பிக்கவோ கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

பழைய முள்களைப் பொருத்த வேண்டாம் என்று சொன்னேன். அவற்றின் டிரிட்டியப் பூச்சு விண்டு, மணி முள்ளில் பாதி உதிர்ந்துவிட்டது. பொருத்தினால் மீதியும் உதிர்ந்து டயலின் மேலும் இயந்திரத்துக்குள்ளும் துகள்களாகப் போகும். அந்தத் துகளை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. பூச்சை நீக்கிப் புதிய பூச்சு இட்டுப் பழைய நிறம் வரவழைத்துத் தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள் என்றாலும், அப்படிச் செய்த பின் அவை அசல் முள்கள் என்ற சாட்சியத்தை இழந்துவிடும். ஆகவே அவை மூடிய கண்ணாடிக் குப்பியில், கடிகாரத்தோடு பிரியாமல் இருக்கட்டும் என்பது முடிவு. தங்கைக்கு இதில் சற்று ஏமாற்றம்தான். அப்பா பார்த்த முள்களையே பார்க்க விரும்பினார். 1999 முதல் அப்பா பார்த்ததும் இப்போது இருக்கும் முள்களைத்தான் என்று அண்ணன் சொன்னதும் ஏற்றுக்கொண்டார்.

உறையை மீண்டும் மெருகேற்றக் கூடாது என்பதை அறிக்கையில் தனிப் பத்தியாக எழுதினேன். அந்தப் பள்ளத்தை நிரப்பித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

மதிப்பை இரண்டாகப் பிரித்துக் காட்டினேன்: புதிய வளையத்தோடு ஒன்று, பழைய வளையத்தோடு ஒன்று. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கணிசமானது. அறிக்கையின் தலைப்பகுதியில், இது 145.022-69, 861 இயந்திரம், நிலவில் கால்வைத்த மாடலுக்கு அடுத்து வந்த வடிவம், போலி அல்ல என்று நான்கே வரிகளில் தெரிவித்தேன்.

பின்விளைவு

சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் உள்ள நிறுவனத்தின் அருங்காட்சியகம் அப்போது பழைய பதிவேடுகளிலிருந்து குறிப்பு எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தோம். சில வாரங்களில் வந்த தாள், அந்த எண்ணுள்ள இயந்திரம் 1970 பிப்ரவரியில் 145.022 கடிகாரமாகச் செய்து முடிக்கப்பட்டுச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டது என்று சொன்னது. அப்பா 1971இல் வாங்கினார் என்ற வீட்டுப் பேச்சோடு அது பொருந்தியது. 1970இன் தொடக்கத்தில் செய்த கடிகாரத்தில் தலைமேல் புள்ளியுள்ள வளையம் இருப்பதும் இயல்பானதே.

பழைய வளையத்தோடு கூடிய மதிப்பில் பாதியைத் தங்கை அண்ணனுக்கு இரண்டு தவணைகளில் கொடுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டார். அந்த முழு மதிப்பு முதலாமவர் ஆசைகாட்டியதைவிடக் குறைவு. இரண்டாமவர் கேட்டதைப் போல் மூன்று மடங்குக்கு மேல். எண்ணெய் இட்டுச் சர்வீஸ் செய்தபோது தங்கை கடைக்காரரிடம் இரண்டு நிபந்தனைகளை எழுதி வாங்கியிருக்கிறார்: மெருகு கூடாது, மாற்றும் எதையும் திருப்பித் தர வேண்டும்.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

படத்தை மட்டும் பார்த்து எந்த விவரத்தைப் பற்றியும் கருத்துச் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன். “நேரில் பார்த்தபின் எழுத்தில் தருகிறேன்” என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கேட்பவருக்கு அது ஏமாற்றமாக இருந்தாலும் பரவாயில்லை.

அசல், போலி என்ற இரண்டே சொற்களால் அறிக்கை எழுதுவதையும் விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே நான்கில் ஒன்றை எழுதுகிறேன்: கடிகாரத்தோடு பிறந்தது, அதே காலத்தது, பின்னாளில் மாற்றிய அசல் பாகம், தீர்மானிக்க முடியாதது. இந்தக் கடிகாரத்தின் சாவி அந்த நான்காம் வகையில்தான் இருக்கிறது. அதை வெறுமையாக விடாமல் அப்படியே எழுதுவது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் செய்யும் நியாயம் என்று கருதுகிறேன்.

பதிவேட்டுக் குறிப்பை அன்று அறிக்கையின் முதல் பக்கத்தில் வைத்தேன். இன்று கடைசிப் பக்கத்தில் வைப்பேன். அந்தத் தாள் இயந்திர எண்ணைப் பற்றி மட்டுமே பேசுகிறது. டயலையும் முள்ளையும் வளையத்தையும் அது பார்த்ததில்லை. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோன 1957ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டர், பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து அமைத்தது என்று 2023இல் தெரியவந்தபோது, தாளை முன்னால் வைக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று எல்லோருக்கும் புரிந்தது. மேலும் 2021இல் நிறுவனமே தன் புதிய மாடலில் புள்ளியை மீண்டும் 90இன் தலைமேல் ஏற்றிவிட்டது; படியுள்ள டயலும் திரும்பி வந்துவிட்டது. அந்த இரண்டு அடையாளங்களை மட்டும் நம்பிக் காலத்தைச் சொல்வது இனி முன்பைவிடக் கடினம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய பாகங்களைப் பற்றி முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, அம்மாவின் பேச்சுவாக்கில் வந்த ஒரு சொல்லால்தான் சம்படம் கிடைத்தது. இப்போது என் விண்ணப்பத் தாளின் முதல் கேள்வி வாங்கிய ஆண்டைப் பற்றியதோ விலையைப் பற்றியதோ அல்ல: “சர்வீஸ் செய்தபோது கழற்றிய பாகங்கள் வீட்டில் எங்காவது இருக்கின்றனவா? தையல் பெட்டி, பொத்தான் டப்பா, மேசை இழுப்பறை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு எழுதவும்.”